வகுப்பைப் பதிவுசெய்து கொடுப்பதில் என்ன தடை?

ஜவ்வாது மலையின் காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் விண்மீன்களின் ஒளியைப் பதிந்துவைக்கிறது. ஒருமுறை பார்த்தால் போதாது, திரும்பப் பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் பதிவு. அதே மலையிலிருந்து கல்லூரிக்கு இறங்கும் பிள்ளைக்கோ பாடம் ஒரே தடவைதான் காதில் விழும். விட்டது விட்டதுதான்.

அந்தப் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆசிரியர் “எழுதிக்கோங்க” என்று நோட்ஸ் சொல்லத் தொடங்குகிறார். முதல் வரியின் ஒரு சொல்லை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அவர் நான்காம் வரிக்குப் போய்விடுகிறார். மணி அடிக்கும்போது நோட்டில் அரைகுறை வாக்கியங்கள். எழுதியவருக்கே அவை புரியாது. இது புத்திக் குறைவல்ல. கேட்டால் புரிந்துகொள்பவர்தான், கேட்டுக்கொண்டே எழுதச் சொல்லும்போது திணறுகிறார். ஒலிப்பதிவு இருந்தால் நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கொள்வார்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அணுகல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இத்தனைக்கும் பிறகு, தேர்வில் கூடுதல் நேரம் தருவதோடு கடமை முடிந்ததென்று கல்லூரிகள் இருப்பது வன்மையாகக் கண்டிக்கத்தக்கது. பாடமே கையில் இல்லாதவருக்குக் கூடுதல் நேரம் எதற்கு?

“ஸ்வயம் இணையப் பாடத் தளம் இருக்கிறதே, யூடியூப் இருக்கிறதே” என்பார்கள். அது வேறு யாரோ எடுத்த பாடம். அதோடு, மலைமேல் ஜமுனாமரத்தூரைத் தாண்டினால் சிக்னலுக்குப் பாறை ஏற வேண்டிய ஊர்களில் வீடியோ எங்கே ஓடும்? ஒரு மணி நேர ஒலிப்பதிவைச் சுருக்கினால் 15 எம்.பி.க்குள் அடங்கும், புளூடூத்திலேயே அனுப்பிவிடலாம். பதிவு கொடுத்தால் வகுப்புக்கு வரமாட்டார்கள் என்பதும் சாக்குதான். வருகைப்பதிவு விதி எதற்கு இருக்கிறது? தம் பேச்சை வெட்டி ஒட்டி வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவார்களோ என்ற ஆசிரியர்களின் அச்சத்தில் மட்டும் நியாயம் உண்டு. அதற்குத் தனி விதி வையுங்கள், பதிவை மறுக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, பதிவு கேட்டால் “குறைபாட்டுக்குச் சான்றிதழ் கொண்டு வா” என்பது. கற்றல் குறைபாட்டைச் சிறுவயதிலேயே கண்டறியும் பொறுப்பைச் சட்டம் பள்ளிகளிடம் தந்திருக்கிறது. மலைக் கிராமத்தில் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. “மக்கு” என்று பெயர் வைத்ததோடு சரி. கண்டறியத் தவறிய அமைப்பு, இப்போது அந்தப் பிள்ளையிடமே அத்தாட்சி கேட்கிறது.

உயர்கல்வித் துறையும், இப்பகுதிக் கல்லூரிகள் இணைந்துள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகமும் வரும் பருவம் தொடங்குமுன் உத்தரவு போட வேண்டும்: சான்றிதழ் இருக்கிறதோ இல்லையோ, கேட்கும் மாணவருக்கு வகுப்பின் ஒலிப்பதிவு தரப்பட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலைக்கு பஸ் ஏறும்போது அந்த வாரப் பாடம் மொத்தமும் அவர் போனில் இருக்க வேண்டும்.