முள்ளைப் பார்த்தீர்களா?

பால் நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்காமல், கிராணி சொன்ன கணக்கை நாம் ஒப்புக்கொண்டதுண்டா? மாதாமாதம் பணம் கட்டும் இணையத்துக்கும் முள் உண்டு, வாசகர்களே. கைப்பேசியில் வேகச் சோதனையை அழுத்துங்கள். மூன்று எண்கள் வரும். நாமோ முதல் எண்ணைப் பார்த்ததும், "நாற்பது இருக்கிறதே, போதாதா?" என்று மூடிவிடுகிறோம்.

அந்த நாற்பது, தகவல் இறங்கும் வேகம், மெகாபிட் கணக்கு. படத்தையும் பாட்டையும் நாம் அளப்பதோ மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே வினாடிக்கு 5 மெகாபைட்தான் வீடு வந்து சேரும். இதற்காகக் கம்பெனியைத் திட்ட வேண்டாம்; கணக்கே அப்படி.

இரண்டாவது, ஏறும் வேகம். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் உங்கள் முகத்தைப் பார்ப்பது இதனால்தான். இது 1-க்குக் கீழே போனால், முதல் எண் எவ்வளவு பெரிதானாலும் உங்கள் படம் விட்டுவிட்டு நிற்கும். மூன்றாவது பிங், தகவல் போய்த் திரும்பும் நேரம், மில்லி வினாடியில். இது மட்டும் குறையக் குறைய நல்லது. 50-க்குள் இருந்தால் கவலையில்லை. 200-ஐத் தாண்டினால் பேச்சு பின்தங்கும். இருவரும் ஒரே நேரத்தில் பேசித் தடுமாறுவீர்கள்.

சரி, எப்போது சோதிப்பது? லயத்துப் பொதுக் குழாய் நினைவிருக்கிறதல்லவா? எல்லாரும் வேலை விட்டு வந்து வாளி வைத்ததும் தண்ணீர் நூலாகிவிடும். ஒரே கோபுரத்தைப் பலர் பங்கிடும்போதும் அதே கதைதான். காலை பத்து மணிக்கு வரும் எண்ணை நம்பாதீர்கள். பிள்ளை படிக்க உட்காரும் இரவு எட்டு மணிக்குப் பாருங்கள்.

வீட்டில் வைஃபை பெட்டி இருந்தால், அதன் அருகில் ஒரு முறை, பிள்ளையின் அறையில் ஒரு முறை சோதியுங்கள். அருகில் 40, அறையில் 6 என்றால் குறை சுவரில் இருக்கிறது. இது தெரியாமல் நானே கூடுதல் பணம் கட்டிப் பெரிய திட்டத்துக்கு மாறினேன். பெட்டி இருந்ததோ இரும்பு அலமாரிக்குப் பின்னால்!

முன்பணச் சிம் வைத்திருப்பவர்கள் விளையாட்டாகச் சோதிக்க வேண்டாம். 40 வேகத்தில் பத்து வினாடி ஓடினாலே 50 மெகாபைட் தீர்ந்துவிடும்.

பெட்டியருகிலும் எண் குறைவாகவே வந்தால், ஒரு வாரம் தேதி, நேரத்தோடு நோட்டில் எழுதி வையுங்கள். முதலில் கம்பெனியிடம் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்குங்கள். அங்கே தீராவிட்டால், அந்த நோட்டோடு மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் போகலாம்.