வரி ஆய்வு: கலக்கம் வேண்டாம்

வருமான வரித் துறையின் ஆய்வு நோட்டீஸ் வந்தாலே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டதுபோலக் கலங்குவோர் பலர். கேட்கப்படுவது விளக்கம்தான்; சுமத்தப்படுவது குற்றம் அல்ல. 2019 அக்டோபரில் துறையின் கடிதங்களுக்கு ஆவண அடையாள எண் கட்டாயமாக்கப்பட்டது. அதைத் துறையின் இணையதளத்தில் சரிபார்ப்பதே முதல் வேலை. பின்னர், வங்கிக் கணக்கு, முதலீட்டுச் சான்றுகளைத் தாக்கல் செய்த விவரங்களுடன் ஒப்பிட்டு, கேட்டவற்றுக்குக் கெடுவுக்குள் பதிலளிக்க வேண்டும்.

நிதானம் அரசுக்கும் வேண்டும். அதிகாரியை நேரில் சந்திக்கத் தேவையற்ற முகமில்லா மதிப்பீட்டு முறை 2020 ஆகஸ்டில் தொடங்கப்பட்டபோது வரி செலுத்துவோர் சாசனமும் வெளியிடப்பட்டது. மாறாகக் கருதக் காரணம் இல்லாதவரை ஒவ்வொருவரையும் நேர்மையானவராகவே நடத்துவோம் என்கிறது அது. ஆயினும், போதிய அவகாசம் தராமல் பிறப்பிக்கப்பட்ட ஆணைகளை உயர் நீதிமன்றங்கள் பலமுறை ரத்து செய்துள்ளன. கணக்கைக் காட்டுவது குடிமக்களின் கடமை எனில், காது கொடுத்துக் கேட்பது அரசின் கடமை.