பாத்தியைக் காணாத பாடங்கள்

உப்பளத்தில் குடியிருப்பவனுக்கு உப்பைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று நண்பர் ஒருவர் நம்பிவிட்டார். புதுச்சேரி உப்பளத்தில் விளையாட்டரங்கம் இருக்கிறது, துறைமுக வளாகம் இருக்கிறது, அம்பேத்கர் சாலை இருக்கிறது, உப்பு இல்லை. 1818-ல் ஆங்கிலேயருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஆண்டுக்கு 4000 நட்சத்திரப் பகோடாக்களைப் பெற்றுக்கொண்டு, புதுச்சேரியில் உப்பு விளைவிப்பதை நிறுத்திக்கொள்ளப் பிரெஞ்சு நிர்வாகம் இசைந்தது. பெயர் மட்டும் எங்கள் முகவரியில் தங்கிவிட்டது.

நண்பர் பணியாற்றும் நிறுவனம் மரக்காணம் வட்டார உப்பளத் தொழிலாளர்களுக்காக ஓர் இணையவழிப் பயிற்சியைத் தயாரிக்கிறது. ஆறு தொகுதிகள், ஒவ்வொன்றின் முடிவிலும் வினாக்கள், இறுதியில் சான்றிதழ். செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றைக் கொண்டு ஒரே பிற்பகலில் முழுப் பாடத்தையும் வடிவமைத்துவிட்டதாகச் சொன்னார். "தமிழை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொடுங்கள்" என்பது வேண்டுகோள். தமிழை மட்டும் பார்ப்பது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தமிழில் பிழை அதிகம் இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஒற்று மிகும் இடங்களில் நம் நாளிதழ்களைவிடக் கருவி ஒழுங்காகவே நடந்துகொள்கிறது. பாடத்தில் வரும் உப்பளம்தான் எந்த ஊரிலும் இல்லாத உப்பளம். 'படிகமாக்கும் குளம்' என்கிறது, 'உப்புச் சேகரிப்புக் கருவி' என்கிறது, 'சேமிப்பு மேடை' என்கிறது. தூத்துக்குடிப் பக்கம் தெப்பம், பாத்தி, வாருபலகை, தட்டுமேடு, அம்பாரம் என்று ஒவ்வொன்றுக்கும் சொல் இருக்கிறது. ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' எழுதுமுன் தூத்துக்குடி அளங்களுக்கே போய் அம்மக்களைச் சந்தித்தார். அதனால்தான் அந்நாவலைப் படித்த சென்னை வாசகனுக்கும் அந்தச் சொற்கள் வந்து சேர்ந்தன. மரக்காணத்துப் பாடத்துக்கு மரக்காணத்துச் சொல் வேண்டும். அதைக் கேட்டு வர ஓர் ஆள் போகவேண்டும்.

சொல்லோடு இது முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். நான்காம் தொகுதி 'பணியிடப் பாதுகாப்பு'. கையுறை, காலணி, தொப்பி, கண்ணாடி என்று பட்டியல் நீள்கிறது. 'கடும் வெயிலில் பணிபுரிவதைத் தவிர்க்கவும்' என்று ஒரு வரி. வெயில்தான் அங்கே மூலதனம். வெயிலுக்குப் பயந்து விடியுமுன்பே பாத்தியில் இறங்குகிறவர்களுக்கு இந்த அறிவுரை! கையுறையும் காலணியும் யார் செலவில் என்ற கேள்வி பாடத்தில் எழவே இல்லை. வெண்பரப்பிலிருந்து தெறிக்கும் ஒளி கண்ணை என்ன செய்யும், காலில் வெடிப்பு உள்ளவர் உவர்நீரில் மணிக்கணக்காக நின்றால் என்ன ஆகும், குடிநீர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, பெண்கள் ஒதுங்க இடம் உண்டா என்பவை எதுவும் இல்லை. மழை தொடங்கினால் வேலை இல்லை. அந்த மாதங்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2022-ல் அறிவித்த 5000 ரூபாய் நிவாரணத்தைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

உப்பு விளையும் விதம் பற்றிய தொகுதியில் அடர்த்தி அளவுகள் சரியாகவே இருந்தன. ஏறத்தாழ 25 போமே அளவில் உப்பு படியத் தொடங்கும். 29, 30-ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும். அதற்குமுன் நீரை வடித்துவிடவேண்டும். இந்த எண்களைக் கருவி அறிந்திருக்கிறது. இருபது ஆண்டுகள் பாத்தியில் நின்ற ஒருவருக்கு இதை அளவுமானி இல்லாமலே சொல்லத் தெரிந்திருக்கலாம். அவருக்கு என்ன தெரியும், எது தெரியாது, எந்த இடத்தில் அவர் பழக்கம் சரி, எந்த இடத்தில் அளவுமானி உதவும் என்று அறிந்தபின் தொடங்குவதே பாட வடிவமைப்பு. கருவிக்கு எதிரே அந்த மனிதர் இல்லை. 'கற்போர்: உப்பளத் தொழிலாளர்கள்' என்ற இரண்டு சொற்கள்தாம் இருந்தன.

இதற்குக் கருவியை மட்டும் ஏசுவது நேர்மையாகாது. பயிற்சி தயாரிப்பவர்கள் நெடுங்காலமாகவே இப்படித்தான் எழுதிவந்தார்கள். 'இத்தொகுதியின் முடிவில் கற்போர் விவரிப்பார், பட்டியலிடுவார், வேறுபடுத்துவார்' என்ற வினைச்சொல் வரிசை 1956-ல் பெஞ்சமின் புளூம் தொகுத்த வகைப்பாட்டின் வழிவந்தது. அமெரிக்கக் கல்லூரித் தேர்வாளர்கள் தங்கள் வினாக்களை வகைப்படுத்துவதற்காக உருவாக்கிய ஒன்று, எழுதுகிறவர் யோசிக்காமலே பக்கத்தை நிரப்ப உதவும் வாய்பாடாகிவிட்டது. வாய்பாட்டை மனிதனைவிட இயந்திரம் வேகமாக ஒப்பிக்கிறது. நண்பரின் பாடத்தில் இருந்த முப்பது வினாக்களில் பதினேழுக்கு விடை 'மேற்கண்ட அனைத்தும்'. எண்ணிப் பார்த்தேன்.

இதைவிட நல்ல மரபு ஒன்று நமக்கு இருந்தது. 1971-ல் முதல் மாணவர்களைச் சேர்த்த பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பாடத்தை ஒருவர் தனியாக எழுதும் வழக்கத்தை மாற்றியது. பொருள் அறிந்தவர், கற்பித்தல் அறிந்தவர், மொழி செப்பனிடுபவர் என ஒரு குழு அமர்ந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் கிழித்து, திருத்தி எழுதும் முறை அது. நம் நாட்டில் 1985-ல் தொடங்கிய இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இம்முறையைக் கைக்கொண்டது. அதன் துணைவேந்தராக இருந்த வா.செ.குழந்தைசாமிதான் பின்னர் 2001-ல் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகத்துக்கும் வழிகாட்டினார். தமிழ் இணையக் கல்விக்கழகமாக அது இன்றும் இருக்கிறது. அதன் பாடங்களை அறிஞர்கள் எழுதினார்கள். சில பாடங்கள் வறண்டவை, சிலவற்றில் தன்மதிப்பீட்டு வினாக்கள் சிறுபிள்ளைத்தனமானவை, நானே குறைகூறியிருக்கிறேன். ஆனால் குறைகூற ஒரு பேராசிரியரின் பெயர் இருந்தது. அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். நண்பரின் பாடத்தில் நான்காம் தொகுதியை எழுதியது யார்?

'தமிழில் ஒன்றுமே இல்லாமல் இருப்பதைவிட இது மேலல்லவா?' என்று நண்பர் கேட்டார். வலுவான கேள்விதான். 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம், எல்லாப் பாடநூல்களையும் மூன்று ஆண்டுகளுக்குள் எட்டாம் அட்டவணை மொழிகளில் மின்வடிவில் தரவேண்டும் என்று உத்தரவிட்டது. பொறியியல், மருத்துவம், சட்ட நூல்கள் 'அனுவாதினி' என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலி மூலம் மொழிபெயர்க்கப்படுவதாகவும் அறிவித்தது. அவ்வளவு நூல்களை அவ்வளவு விரைவில் மனிதரைக் கொண்டே செய்யமுடியாது என்பதை நான் மறுக்கவில்லை. 2003 முதல் ஐ.ஐ.டி.கள் சேர்த்துவரும் என்.பி.டி.இ.எல். விரிவுரைகளுக்கு இயந்திரத்தைக்கொண்டு தமிழ் எழுத்துரை போட்டால் நான் வரவேற்பேன். அங்கே ஒரு ஆசிரியர் ஏற்கெனவே பேசியிருக்கிறார். இயந்திரம் தவறினால் மூலத்தோடு ஒப்பிடலாம். எழுத்துரை, ஒலிவடிவம், ஒரு பாடத்தைப் பார்வையற்றோருக்கு ஏற்ப மாற்றித் தருவது, ஆசிரியர் எழுதிய பத்தியிலிருந்து மாதிரி வினாக்கள் எடுப்பது ஆகியவற்றுக்கெல்லாம் கருவி வேலைக்காரனாக இருக்கட்டும். மூலமே இல்லாத இடத்தில் அதை ஆசிரியனாக உட்காரவைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

'ஒன்றுமே இல்லை' என்பதும் சரியல்ல. மரக்காணத்தில் மூத்த தொழிலாளி இளையவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அது எழுத்தில் இல்லை, அவ்வளவே. நாளை ஏதேனும் ஒரு திட்டத்துக்காக இந்தச் சான்றிதழ் கட்டாயமாக்கப்பட்டால், அந்த மூத்தவர் பேத்தியின் கைபேசியில் 'படிகமாக்கும் குளம்' பற்றிய வினாவுக்கு விடை அழுத்தவேண்டிவரும். தவறாக அழுத்தினால் பயிற்சி பெறாதவர் என்று பதிவாகும்.

பாடத்தை எட்டுப் பக்கக் குறிப்போடு திருப்பி அனுப்பினேன். நண்பர் கோபித்துக்கொள்ளவில்லை. வட்டாரச் சொற்களைப் பட்டியலாகக் கொடுத்தால் கருவியே எல்லா இடத்திலும் மாற்றிவிடும் என்று பதில் எழுதியிருக்கிறார். பட்டியல் என்னிடம் இல்லை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகும் பேருந்தில் ஏறினால் கிடைக்கும், இரண்டு நாள் தங்கவேண்டும், பேசித் தருகிறவர்களுக்கு அந்த இரண்டு நாள் கூலியையும் கொடுத்துவிடவேண்டும் என்று எழுதினேன். திட்ட மதிப்பீட்டில் பயணத்துக்கும் கூலிக்கும் இடமில்லையாம். கருவியின் ஆண்டுச் சந்தா மட்டும் இருக்கிறது.