மலை இல்லாத ட்ரெக்கிங்



போன பதிவில் ஜிஎஸ்டி பற்றி எழுதிப் பாதிப் பேரைத் தூங்க வைத்துவிட்டேன் என்று வகுப்பில் ஒரே புகார். அதனால் இந்த முறை கணக்கு வழக்கு இல்லாத விஷயம். (கடைசியில் கொஞ்சம் வரும். பி.காம் புத்தி, மன்னிக்கவும்.)

"ட்ரெக்கிங் போகலாமா?" என்று எங்கள் செட்டில் யாராவது கேட்டால் உடனே வரும் பெயர்கள் கொடைக்கானல், ஏற்காடு, கொல்லிமலை, வெள்ளியங்கிரி. ட்ரெக்கிங் என்றால் மலை ஏற வேண்டும், மேலே போய் மூச்சு வாங்க வேண்டும், மேகத்தோடு ஒரு போட்டோ எடுக்க வேண்டும். மலை இல்லை என்றால் அது வெறும் நடை, அதற்குப் பஸ் ஸ்டாண்ட் போதும். இதுதான் பொதுக்கருத்து.

நான் திருவாரூர்க்காரன். எங்கள் பக்கத்தில் ரயில்வே மேம்பாலம்தான் மலை :-) அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. என் கட்சி இதுதான்: காட்டில் நடக்க மலை தேவையில்லை. எங்கள் கடலோரத்திலேயே அருமையான காடு ஒன்று இருக்கிறது, கோடியக்கரை. அதை வேனில் சுற்றிப் பார்க்கிற இடமாக வைத்திருப்பதை விட, சிலர் மட்டும் மெதுவாக நடந்து பார்க்கிற இடமாக மாற்றலாம்.

கோடியக்கரை வேதாரண்யத்தில் இருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் போல. நிலம் அங்கே வளைந்து கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு முடிகிறது. 1967-ல் வெளிமான்களுக்காக வனவிலங்கு சரணாலயம் ஆனது. 2002-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, தமிழ்நாட்டிலேயே முதலாவதாக. உள்ளே இருப்பது சும்மா புதர்க்காடு இல்லை. உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். மழை குறைவாகப் பெய்தாலும் வருடம் முழுக்க இலை உதிர்க்காத காடு. ஒரு காலத்தில் சோழமண்டலக் கடற்கரை நெடுக இருந்த இந்த வகைக் காடு இன்று துண்டு துண்டாகத்தான் மிச்சம், பெரும்பாலும் கோயில் காடுகளாக.

இரண்டு முறை போயிருக்கிறேன்.

முதல் முறை 2022-ல். பொன்னியின் செல்வன் படம் வந்த ஜோர். பன்னிரண்டு பேர், ஒரு வேன், 6,500 ரூபாய் வாடகை. வழி முழுக்கப் பாட்டு. காட்டுக்குள்ளும் பாட்டு. "பூங்குழலி எங்கேடா?" என்று கத்திக்கொண்டே போனோம். பார்த்தது நாலு குரங்கு, சில மட்டக்குதிரை, ஒரு கலங்கரை விளக்கம். எங்கள் வேன் ஜன்னலில் இருந்து ஒருவன் குரங்குக்குச் சிப்ஸ் போட்டான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பாக்கெட்டையும் அங்கேயே போட்டானா என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்தில் முடிந்தது. "ஒண்ணுமே இல்லடா இங்க" என்பதுதான் திரும்பும்போது எல்லோருடைய தீர்ப்பும். என்னுடையதும்.

இரண்டாவது முறை ஒரு பொங்கல் லீவில். நாலே பேர், பஸ்ஸில். வனத்துறையிடம் கேட்டு, சீட்டு வாங்கி, உள்ளூர் வழிகாட்டி அண்ணன் ஒருவரோடு காலை ஏழு மணிக்கு நடக்க ஆரம்பித்தோம். அவர் போட்ட முதல் விதி: "பேசாம வாங்க தம்பி. பேசணும்னா நாளைக்கு பேசிக்கலாம்."

பத்து நிமிடம் கஷ்டமாக இருந்தது. அப்புறம் காது பழகிவிட்டது. கடல் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்பதை வைத்தே திசை தெரிய ஆரம்பித்தது. பாலை மரங்களை அண்ணன் காட்டினார். தடித்த, கறுத்த மரம், உள்ளே நிழல் அப்படி. இதன் பழம் சின்னதாக மஞ்சளாக இருக்கும், தித்திப்பு, கோடையில் வாருங்கள் என்றார். மணல் பாதையில் இரவு போனவர்களின் வருகைப் பதிவேடு இருந்தது: இது புள்ளிமான் குளம்பு, இது குதிரை, இது நரி. ஒரு இடத்தில் குவியலாகப் புழுக்கை. ஆண் வெளிமான் தன் இடம் என்று காட்ட ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடுமாம். நம் ஊரில் கர்ச்சீப் போட்டு சீட் பிடிக்கிற மாதிரி.

காடு சட்டென்று முடிந்து புல்வெளி வந்தது. அங்கே நின்றுகொண்டிருந்தன, இருபதுக்கு மேல். ஒரே ஒரு ஆண் கறுப்பாக, திருகின கொம்போடு. எங்களைப் பார்த்தது. நாங்கள் அசையவில்லை. அதுவும் அசையவில்லை. என்னால் அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. முதல் முறை இதே காட்டில் "ஒண்ணுமே இல்ல" என்று சொன்னது நினைவு வந்து வெட்கமாக இருந்தது.

அப்புறம் ராமர் பாதம். மண்டபத்துக்குள் ஒரு கல்லில் பாதச் சுவடுகள். அந்த வட்டாரத்திலேயே உயரமான இடம் அதுதான், உயரம் சுமார் 4 மீட்டர்! எவரெஸ்ட் ஏறியாச்சு என்று நான் சொன்னதற்கு அண்ணன் கூடச் சிரித்தார்.

சரித்திரத்துக்கு வருவோம். இந்தப் பக்கம் நடைக்குப் பேர் போன பக்கம் என்பது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. நான் படிப்பது திருச்சியில். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் அதே திருச்சியில் இருந்து கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக 240 கிலோமீட்டர் போல நடந்து ஏப்ரல் 28-ல் வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். உப்பு அள்ளியது அகஸ்தியம்பள்ளியில், ஏப்ரல் 30. அதாவது கோடியக்கரைக்குப் போகும் வழியிலேயே. ஊரின் பழைய பெயர் திருமறைக்காடு. பெயரிலேயே காடு. பக்கத்துக் கோடியக்காட்டுக் கோயிலுக்கு வந்த சுந்தரர், இந்தக் கடலோரத்தில் துணையில்லாமல் தனியாக இருக்கிறாயே என்று சிவனிடமே வருத்தப்பட்டுப் பாடியிருக்கிறார். சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய கலங்கரை விளக்கத்தின் செங்கல் மிச்சம் 2004 சுனாமியில் இன்னும் சிதைந்தது. இவ்வளவும் இருக்கிற இடத்தை ஒரு மணி நேர வேன் சவாரியில் முடிக்கிறோம்.

இப்போது எதிர்க்கட்சி. இதை ஹாஸ்டலில் சொன்னபோது ரூம் மேட் நறுக்கென்று கேட்டான்: "நீ நடக்கலாம்னு எழுதுவ, நாளைக்கு ஆயிரம் பேர் நடப்பான். அப்புறம் மான் எங்க நிக்கும்?"

நியாயமான கேள்வி. 1967-ல் அறிவித்தபோது சரணாலயத்தின் பரப்பே 17 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். ஏற்கெனவே சீமைக்கருவேலம் உள்ளே புகுந்து புல்வெளியைத் தின்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரை வழியாகத்தான் ஏறியது. மரம் சாய்ந்த இடங்களை அண்ணன் நின்று நின்று காட்டினார். அதே வருடம் மார்ச்சில் குரங்கணி தீ 23 பேரைக் கொண்டு போனது. ஒழுங்கில்லாத நடை எவ்வளவு ஆபத்து என்பதற்கு அதற்கு மேல் உதாரணம் வேண்டாம்.

ஆனால் நான் கேட்பது கதவைத் திறந்து விடுவது இல்லை. வேனில் வருகிற கூட்டம் இப்போதே வருகிறதே! அதில் பாட்டு உண்டு, ஹாரன் உண்டு, சிப்ஸ் உண்டு. நடப்பவன் கண்டிப்பாக நல்லவன் என்று சொல்லவில்லை. நானே இரண்டு வருகையிலும் ஒரே ஆள்தான். வித்தியாசம் என்ன? இரண்டாவது முறை கூட ஒரு உள்ளூர்க்காரர் இருந்தார், கூட்டம் நாலு பேர், பாதை ஒன்று. விதி இருந்தது, நான் ஒழுங்காக இருந்தேன். அவ்வளவுதான்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 14 மாவட்டங்களில் 40 ட்ரெக்கிங் தடங்களை அறிவித்தது. ஆன்லைனில் பதிவு, கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி. நல்ல திட்டம். ஆனால் அவை பெரும்பாலும் மலைப்பாதைகள். அதே மாதிரி கடலோரக் காட்டிலும் ஒரே ஒரு தடம் போடலாம். ஒரு நாளைக்கு இத்தனை பேர், காலையில் மட்டும், வழிகாட்டி இல்லாமல் கிடையாது. எந்த மாதம் மூட வேண்டும் என்பதை வனத்துறை முடிவு செய்யட்டும். அந்த நேரத்தில் வேனையும் நிறுத்த வேண்டும், இது முக்கியம்.

இனி நான் சொன்ன பி.காம் பகுதி. முதல் முறை நாங்கள் செலவழித்ததில் நுழைவுச் சீட்டைத் தவிர கோடியக்கரைக்குள் போனது இரண்டு தண்ணீர் பாட்டில், 40 ரூபாய். மீதி வேனுக்கும் நாகப்பட்டினம் பிரியாணிக்கும். இரண்டாவது முறை வழிகாட்டிக்கு 800, அந்த ஊரிலேயே மீன் சாப்பாடு, டீ. நாலு பேர் கொடுத்தது பன்னிரண்டு பேர் கொடுத்ததை விட அதிகம்.

இதைக் கணக்காக மட்டும் சொல்லவில்லை. திரும்பும்போது அண்ணனிடம் கேட்டேன், சின்ன வயதில் இங்கே வருவீர்களா என்று. "எங்கம்மா பாலைப்பழம் பொறுக்கிட்டு வந்து வேதாரண்யத்துல வித்துதான் எனக்கு ஸ்கூல் நோட்டு வாங்கினாங்க. இப்ப உள்ள எடுக்கக் கூடாது. சரிதான்னு சில நாள் தோணும். சில நாள் தோணாது" என்றார். நான் பதில் சொல்லவில்லை. என்னிடம் பதில் இல்லை.

காட்டைக் காப்பாற்ற அவர்கள் ஒரு வருமானத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பாடத்தில் மெஷினுக்கு வருடா வருடம் தேய்மானம் எழுதுவோம். இந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது? அந்தக் காட்டை அவர்களை விட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அந்த அறிவுக்காவது நாம் காசு கொடுக்கலாம். அதற்கு நடக்க வேண்டும். வேன் ஜன்னலுக்கு வழிகாட்டி தேவைப்படாது.

போக நினைப்பவர்களுக்கு: பறவை பார்க்க நவம்பர் முதல் ஜனவரி வரை நல்லது, சதுப்பில் பூநாரை வரும். மான்கள் எப்போதும் உண்டு. முதலில் வனத்துறையிடம் கேளுங்கள், முடியாது என்றால் முடியாதுதான். ஷூ போடுங்கள், முள் அதிகம். குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள். கொண்டுபோன பாட்டிலைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

அந்தச் சிப்ஸ் பாக்கெட்டைத்தான் இரண்டாவது முறை வழி முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை.