பாட்டிலை மூடுங்க, ஜன்னலைத் திறங்க

போன ஏப்ரல்ல ஒரு நாள் காலை 6 மணிக்கு திண்டிவனத்துல இருக்கிற எங்க மாமாகிட்ட இருந்து ஒரு வாட்ஸ்அப். "டேய் இன்ஜினியரு, பி.எச். இன்னைக்கும் 7.7 தான். என்ன ஊத்தட்டும்?"

மாமா வீட்டு ஹால்ல நாலடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கு. ரெண்டு நீமோ மீன், கொஞ்சம் சாஃப்ட் கோரல், சில நத்தைகள். கடினப் பவளம் மட்டும் கிடையாது. 2001லிருந்து அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு, புலிக்குப் பக்கத்துலயே. கடல் தண்ணியோட பி.எச். ஏறக்குறைய 8.1. தொட்டியில 7.8லிருந்து 8.4 வரைக்கும் இருந்தா கவலை இல்ல. அதுக்குக் கீழ போனா நத்தை ஓடு, பாறை மேல படியுற ஊதாப் பாசி மாதிரி சுண்ணாம்பால ஆன எதுவும் சரியா வளராது.

நான் விழுப்புரத்துல ஹாஸ்டல் கட்டில்ல படுத்துக்கிட்டே பதில் போட்டேன்: "பஃபர் ஊத்துங்க மாமா." ஊத்தினார். மதியம் பி.எச். ஏறுச்சு, மறுநாள் காலைல இறங்கிடுச்சு. திரும்ப ஊத்தினார். பத்தே நாள்ல ஆல்கலினிட்டி 8 டி.கே.எச்.லிருந்து 12க்குப் போச்சு. பம்ப் மேல வெள்ளையா சுண்ணாம்பு படிஞ்சது, கோரல் சுருங்கிப் போச்சு, ரெண்டு நத்தை செத்துடுச்சு. காலை பி.எச். மட்டும் 7.8ஐத் தாண்டல. நான் பார்க்காமலே சொன்ன மருந்து அது. அந்த உறுத்தல்லதான் இதை எழுதுறேன்.

முதல் செமஸ்டர் கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? ஆல்கலினிட்டி டைட்ரேஷன் செஞ்சு, ரெக்கார்ட் நோட்ல சைன் வாங்கி, அதோட மறந்துட்டோம். ஆல்கலினிட்டி வேற, பி.எச். வேற. அமிலத்தைத் தாங்குற சக்தி எவ்வளவு இருக்குன்னு ஆல்கலினிட்டி சொல்லும். அதே ஆல்கலினிட்டியில பி.எச். எங்க நிக்கும்ங்கிறத, தண்ணியில எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சிருக்குங்கிறது முடிவு பண்ணும். தொட்டித் தண்ணி எந்தக் காத்தைத் தொட்டுக்கிட்டு இருக்கோ, அந்தக் காத்துல இருந்துதான் அது கரையுது. காத்துல அந்த வாயு ரெண்டு மடங்கானா பி.எச். சுமார் 0.3 இறங்கும்.

மாமா வீட்டுல ஏசி ஹால்ல மட்டும்தான். கத்திரி வெயில் வந்துட்டா மாமா, அத்தை, ரெண்டு பசங்க எல்லாரும் அங்கதான் படுப்பாங்க. கொசுவுக்காக சாயங்காலம் ஆறு மணிக்கே ஜன்னல் மூடிடும். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்தை உள்ள கொண்டு வராது, அறைக்குள்ள இருக்கிற காத்தையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கும். நாம விடுற மூச்சுல கார்பன் டை ஆக்சைடு சுமார் 4 சதவீதம். நாலு பேரோட ராத்திரி மூச்சு முழுக்க அந்த ஹாலுக்குள்ளயே. விளக்கு அணைஞ்ச பிறகு தொட்டியில இருக்கிற பாசியும் அதை உறிஞ்சாது, பதிலுக்கு வெளிவிடும். காலைல 7.7 வராம என்ன வரும்?

இதை உறுதி பண்ண ஒரு சுலபமான டெஸ்ட் இருக்கு. ரெண்டு டம்ளர் தொட்டித் தண்ணி எடுத்து, ஒண்ணை வீட்டுக்குள்ளயும் இன்னொண்ணை மாடியிலயும் வச்சு, ஏர் பம்ப்பால ஒரு மணி நேரம் காத்து விடணும். ரெண்டுலயும் பி.எச். ஏறினா தொட்டிக்குக் காத்தோட்டம் பத்தல. மாடி டம்ளர்ல மட்டும் ஏறினா குத்தம் அறைக் காத்து மேல. எங்களுக்கு மாடி டம்ளர் மட்டும்தான் ஏறுச்சு. அப்புறம் ஹால்ல ஒரு ராத்திரி சென்சார் வச்சேன். விடியக்காலம் 2000 பிபிஎம்மைத் தாண்டிடுச்சு. வெளிக்காத்துல அது 420 சொச்சம்தான். ஒரு விஷயம்: நம்ம ப்ராஜெக்ட்ல பாதிப் பேர் மாட்டுற எம்க்யூ 135 இதுக்கு உதவாது, அது கண்ட வாயுவுக்கும் ரீடிங் காட்டும். அகச்சிவப்பு ஒளியில அளக்குற சென்சார்தான் வேணும்.

தீர்வுக்குப் பெருசா செலவாகல. ஸ்கிம்மர் காத்து இழுக்குற டியூபை நீட்டி ஜன்னல் ஓட்டை வழியா வெளிய விட்டோம். ஜன்னலுக்குக் கொசுவலை அடிச்சு, படுக்கிறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் திறந்து வைக்கிறாங்க. பஃபர் பாட்டிலைத் தொடுறதே இல்ல. ஆல்கலினிட்டி மெதுவா 9க்கு வந்துடுச்சு, காலை பி.எச். 8.0.

"கரண்ட் பில்லை யாரு கட்டுறது?"ன்னு அத்தை கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஆனா பத்து நாள் பஃபர் வாங்கின காசும் வீட்டுக் காசுதானே.

நம்ம இன்ஜினியரிங் புத்தி இப்படித்தான் ஆயிடுச்சுங்கிறது என் கருத்து. ஒரு எண் குறைஞ்சா அதை ஏத்த எதை ஊத்தலாம்னு யோசிக்கிறோம். அந்த எண் எதனால குறைஞ்சதுன்னு கேட்கிறது இல்ல. மாமா தொட்டியில நான் செஞ்சதும் அதேதான்.

இன்னொண்ணு, அந்த மீன் தொட்டி எங்களுக்கு ஒரு மீட்டரா இருந்திருக்கு. அந்தக் காத்தைத்தான் அந்தப் பசங்களும் ராத்திரி பூரா சுவாசிச்சாங்க. காலைல தலை பாரமா இருக்குன்னு சின்னவன் சொன்னப்போ, போன் பார்த்ததாலன்னு திட்டுதான் வாங்கினான். அவன் தலைபாரத்துக்கு இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா மீனுக்காக அளந்த காத்தை அவனுக்காக யாரும் அளக்கல.

மதியம் ரெண்டு மணிக்கு செமினார் ஹால்ல அறுபது பேர் கதவைச் சாத்திட்டு உட்காருறோம். தூக்கம் வந்தா சாம்பார் சாதத்தைக் குத்தம் சொல்றோம். சென்சார் இப்போ என் பையிலதான் இருக்கு. அடுத்த வாரம் அங்க வைக்கப் போறேன். ரீடிங் அடுத்த இதழ்ல.