‘அவன்’ இல்லாத வீட்டிலும் ஷெப்பர்ட்ஸ் பை

அவனின்றி ஓர் அணுவும் அசையாது என்பார்கள். சமையலறையில் மட்டும் ‘அவன்’ இல்லாமலும் பல காரியங்கள் அசையும். இங்கே சொல்வது கேக் சுடும் ‘அவன்’ பற்றி!

ஷெப்பர்ட்ஸ் பை என்ற பெயரை ஹோட்டல் மெனு கார்டில் ‘காண்டினென்டல்’ என்ற தலைப்புக்குக் கீழே பார்த்தால் பலருக்கும் ஒரு தயக்கம் வரும். பெரிய இடத்துச் சாப்பாடு, நமக்கு ஒத்துவராது என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். உண்மையில் அது என்ன? கீழே கொத்துக்கறி, மேலே மசித்த உருளைக்கிழங்கு, மேல்பக்கம் சிவக்கும் வரை சூடு. அவ்வளவுதான்! கொத்துக்கறி வதக்கத் தெரிந்த வீட்டுக்கு இதில் முக்கால்வாசி ஏற்கெனவே தெரியும்.

இன்னொரு வேடிக்கை. இது பிறந்ததே ஏழை வீட்டில்தான். மாட்டுக்கறியில் செய்தால் காட்டேஜ் பை, ஆட்டுக்கறியில் செய்தால் ஷெப்பர்ட்ஸ் பை என்று இன்று பிரித்துச் சொல்கிறார்கள். காட்டேஜ் என்றால் குடிசை வீடு, ஷெப்பர்ட் என்றால் ஆடு மேய்ப்பவர். பெயரிலேயே ஏழ்மை இருக்கிறது. காட்டேஜ் பை என்ற பெயர் 1791-லேயே எழுத்தில் வந்துவிட்டது. உருளைக்கிழங்கு மலிவு, கறி விலை அதிகம். முந்தைய நாள் மிஞ்சிய கறியைப் பொடியாக நறுக்கி, கிழங்கால் மூடிப் பெருக்கிக்கொண்டார்கள். நம் வீடுகளில் மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றிப் பழையது ஆக்குகிற அதே சிக்கன புத்தி!

பிறகு எப்படி அது பெரிய இடத்துச் சாப்பாடு ஆனது? வெள்ளைக்காரர்களோடு மலையேறியதால்தான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தார். அதே காலத்தில் நீலகிரியில் ஜான் சல்லிவன் உருளைக்கிழங்கு பயிரிட வைத்தார். எஸ்டேட் வந்தது, பங்களா வந்தது, பங்களாவுக்குச் சமையல்காரரும் வந்தார். சமைத்தவர் நம்மூர்க்காரர், சாப்பிட்டவர் துரை. குடிசை வீட்டுச் சாப்பாடு துரை மேசைக்குப் போனதும் நமக்கு அது எட்டாத பண்டமாகிவிட்டது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் மட்டும் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் சேர்த்து இதைத் தங்கள் வீட்டுச் சமையலாக்கிக்கொண்டன. அந்த வழிதான் சரியான வழி.

ஏற்காட்டிலிருந்து சற்றுத் தள்ளி, காபித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது செம்மநத்தம். அங்கே ஒரு வீட்டில் இதைச் செய்ய என்ன குறை? காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தைக் கவாத்து செய்தால் விறகு. அந்த மரத்திலேயே ஏறும் கொடியில் மிளகு. கறியும் கிழங்கும் சந்தையில்.

அரைக் கிலோ கொத்துக்கறியை வெங்காயம், இஞ்சி பூண்டு, இடித்த மிளகு, ஒரு தக்காளி சேர்த்து வேகவைத்து, தண்ணீர் சுண்டும் வரை வதக்க வேண்டும். இது முக்கியம். கறியில் நீர் நின்றால் மேலே வைக்கும் கிழங்கு இளகி உள்ளே இறங்கிவிடும். ஒரு கிலோ உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சூடாக இருக்கும்போதே உரித்து, வெண்ணெயும் கொஞ்சம் பாலும் உப்பும் சேர்த்து மசிக்க வேண்டும். மிக்ஸியில் போட்டால் பசையாகிவிடும், ஜாக்கிரதை! அடிகனமான பாத்திரத்தில் கறியைப் பரப்பி, மேலே கிழங்கை மூடி, முள்கரண்டியால் கோடு கீற வேண்டும். மேடான இடங்கள்தான் முதலில் மொறுமொறுப்பாகும்.

இனி ‘அவன்’ வேலை. பிரியாணிக்குத் தம் போடுவது போல, கீழே லேசான தணல், தட்டையான மூடியின் மேல் நிறையத் தணல். இருபது நிமிடம் போதும். காஸ் அடுப்பு மட்டும் உள்ளவர்கள் தலைகீழாகச் செய்யலாம். தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டுக் கிழங்கை அடை போலத் தட்டி, அடி சிவந்ததும் மேலே சூடான கறியைப் பரப்பி, ஒரு தட்டைக் கவிழ்த்து மூடித் திருப்பினால் சிவந்த பக்கம் மேலே வந்துவிடும்.

நம்மூர்க் குழம்பு இருக்க இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. குழம்பில் போடும் மிளகாயும் கடல் கடந்து வந்ததுதானே! வந்ததை நம்முடையதாக்கிக்கொள்வது நமக்குப் புதிதல்ல.

கொஞ்சம் காமர்ஸ் பேசலாம். ஹோட்டல் விலையில் கறியும் கிழங்கும் ஒரு பங்குதான். வாடகை, கூலி, மின்சாரம், லாபம் எல்லாம் அதற்கு மேல் ஏறுகின்றன. அது வியாபாரம், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த விலையைப் பார்த்து அந்தப் பண்டத்துக்கே ஒரு அந்தஸ்து கொடுப்பது நம் தவறு. வீட்டுக் கணக்கில் இது அரைக் கிலோ கறியை ஆறு பேர் வயிறு நிறையச் சாப்பிடும் வழி.

விடுதிச் சமையலறையில் பகல் முழுதும் இதைச் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் ‘இதெல்லாம் நமக்கு இல்லை’ என்று ஒருவர் நினைத்தால், இழப்பு நாக்குக்கு மட்டுமல்ல. தன் கைத்தொழிலையே தனக்குச் சொந்தமில்லை என்று நம்புவது அது. செய்யத் தெரிந்த கைக்குத்தான் பண்டம் சொந்தம். வரும் ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். பிள்ளைகளுக்கு முதல் பங்கு!