சூப்பர்மேனுக்கு மறு ஜன்மம்

அமெரிக்காவில் ஒரு வழக்கம் உண்டு. பழைய கதாநாயகன் ஒருவனுக்குப் புது நடிகரைப் போட்டு, முன் வந்த படங்களையெல்லாம் நடக்காதவை என்று தள்ளிவிட்டு, மறுபடியும் புதிதாகக் கதையை ஆரம்பிப்பார்கள். இதை ஒரு பெரிய சாஹஸமாக எண்ணிப் பிரமாத விளம்பரமும் செய்வார்கள். மதுரைச் சீமைக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. சுற்று வட்டாரக் கிராமங்களில் திருவிழா வந்தால் ஸ்பெஷல் நாடகம் உண்டு. பெரும்பாலும் அது வள்ளி திருமணமாகத்தான் இருக்கும். முருகர் ஓர் ஊர், வள்ளி ஓர் ஊர், பபூன் மற்றோர் ஊர். தனித்தனியே பேசி அழைக்கப்பட்டு மேடையில் வந்து ஒன்று சேர்கிறவர்கள் அவர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்திலிருந்து எத்தனை முருகர்கள், எத்தனை வள்ளிகள்! போன வருஷத்து முருகர் எங்கே என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. இந்த வருஷத்து வள்ளி நாரதரோடு எப்படித் தர்க்கம் செய்கிறாள் என்றுதான் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

2025-ம் வருஷம் ஜூலை 11-ந் தேதி வெளியான ஜேம்ஸ் கன்னின் 'சூப்பர்மேன்' படத்துக்கும் நாம் அந்த மனோபாவத்துடனேதான் போனோம். சிறு பிராயத்தில் சிவகாசி முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். பிறகு 1978-ம் வருஷத்துப் படத்தில் பறந்த கிறிஸ்டோபர் ரீவிடம் மனத்தைப் பறிகொடுத்தோம். 2006-ல் வந்தவரையும் பார்த்தோம். 2013-ல் வந்த ஹென்றி கேவில் முகத்தைச் சுளித்துக்கொண்டு பட்டணத்தையே பொடிப் பொடியாக்கியதையும் சகித்துக்கொண்டோம். இப்போது டேவிட் காரன்ஸ்வெட்.

படத்தின் ஆரம்பமே நமக்குப் பிடித்துவிட்டது. கிரகம் வெடிப்பது, குழந்தையை ஆகாயக் கப்பலில் ஏற்றி அனுப்புவது முதலிய பூர்வ கதைகளைச் சில வரி எழுத்தில் முடித்துவிட்டார்கள். முதல் காட்சியில் சூப்பர்மேன் தோற்றுப் போய், எலும்பு முறிந்து, பனியில் வந்து விழுகிறான். அவன் சீட்டியடித்ததும் ஒரு நாய் ஓடி வருகிறது. உதவிக்கு வருகிற நாய் அடிபட்டவன் மேலேயே ஏறிக் குதிக்கிறது! நாய் வளர்த்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் சிரித்துவிடுவார்கள்.

உடையைப் பற்றி ரஸிகர்களுக்குள் ஒரு பெரிய யுத்தமே நடந்தது. 1938-ம் வருஷம் ஜெர்ரி சீகெல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு வாலிபர்கள் இந்தக் கதாநாயகனை உலகத்துக்கு அளித்தார்கள். (அளித்துவிட்டு, நூற்று முப்பது டாலருக்கு உரிமையையும் விற்றுவிட்டார்கள், பாவம்!) அவர்கள் சர்க்கஸ் பயில்வான் பாணியில் அவனுக்குச் சிவப்பு அரைச் சராயை வெளிப்புறம் மாட்டிவிட்டார்கள். 2013-ல் அது வெட்கக்கேடு என்று நீக்கப்பட்டது. இப்போது திரும்பி வந்திருக்கிறது. குழந்தைகள் தன்னைக் கண்டு பயப்படக் கூடாது என்று விரும்புகிறவன் இப்படித்தான் உடுத்துவான் என்று காரன்ஸ்வெட் வாதித்தாராம். நமக்கு அது நியாயமாகவே படுகிறது. உடையைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல மதுரைக்காரர்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. 1921-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி, மேலமாசி வீதி வீட்டிலிருந்து காந்திஜி முழங்கால் வேஷ்டியோடு வெளியே வந்தார். ஏழை ஜனங்களோடு தாமும் ஒருவராக இருக்க வேண்டுமென்று உடுத்தியவர் அவர்.

இனி, நம் நெஞ்சை உறுத்திய விஷயம். 1978-ம் வருஷத்துப் படத்தில் தகப்பனார் ஜோர்-எல், மனித குலத்துக்கு நன்மை செய்யவே தம் ஒரே புத்திரனை அனுப்பி வைத்தார். இந்தப் படத்திலோ, பெற்றோர் அனுப்பிய செய்தியில் பாதிதான் மகனுக்குத் தெரிந்திருக்கிறது. வில்லன் லெக்ஸ் லூதர் மறு பாதியை மீட்டு உலகம் முழுவதும் ஒலிபரப்பிவிடுகிறான். இங்குள்ள ஜனங்கள் பலவீனர்கள், அவர்களை அடக்கி ஆள்வாயாக என்பது அந்தப் பாதி! ஊர் முழுவதும் ஒரே நாளில் அவனுக்கு விரோதமாகத் திரும்புகிறது. பழைய ரஸிகர்கள் பலர் இதைக் கண்டு கொதித்தார்கள். நமக்கும் ஜோர்-எல்லை இப்படிக் கறைப்படுத்தியதில் இன்னும் சம்மதமில்லை.

ஆனால் அதனால் விளைந்ததையும் சொல்ல வேண்டும். குந்தி வந்து நீ என் மகன் என்று சொன்ன பிறகும், தன்னை வளர்த்த ராதையின் மகனாகவே நின்றான் கர்ணன். (அவன் போய்ச் சேர்ந்த பக்ஷம் சரியில்லை என்பது வேறு கதை.) அதே நிலைதான் இவனுக்கும். தான் செய்த நன்மை எதுவும் பெற்றோர் கட்டளை அல்லவென்று தெரிந்த பின் இவன் எங்கே போகிறான்? கான்ஸாஸ் பண்ணையில் இருக்கும் வயோதிகத் தம்பதிகளிடம். தோட்டி வைத்து மாடு மேய்ப்பவர் போலத் தோற்றமளிக்கும் அந்தக் கிழவர் தடுமாறித் தடுமாறிப் பேசும் காட்சி, பறக்கும் காட்சிகள் அத்தனையையும் தோற்கடித்துவிடுகிறது.

குறை சொல்லாமல் விடுவதற்கில்லை. பொராவியா என்ற பலசாலி நாடு, ஜார்ஹன்பூர் என்ற ஏழை நாட்டின் மேல் படையெடுக்கிறது. ஏழை ஜனங்கள் கையில் கிடைத்ததை ஏந்தி நிற்க, ஒரு சிறுவன் சூப்பர்மேன் சின்னம் பொறித்த கொடியை நாட்டுகிறான். 1932-ம் வருஷம் திருப்பூரில் சொந்தக் கொடியைக் கைவிடாமல் அடிபட்டு உயிர் நீத்த குமரனின் நாட்டில் பிறந்தவர்களுக்கு இது ரஸிக்கவில்லை. அந்த ஜனங்களுக்குச் சொந்தமாக ஒரு கொடி இராதா? ஒரு தலைவன், ஒரு வார்த்தை இராதா?

ராக்ஷஸப் பிராணியோடு போராடும்போது நடுவில் ஓர் அணிலைத் தூக்கிக் காப்பாற்றுகிறான் சூப்பர்மேன். ராமாயணம் கேட்டு வளர்ந்த நமக்கு அணிலிடம் தனி வாஞ்சை உண்டாகையால் அதை முழு மனத்தோடு ரஸித்தோம். நமது தணிக்கையாளர்களோ முத்தக் காட்சியில் சுமார் அரை நிமிஷத்தைக் கத்தரித்து நாட்டின் ஒழுக்கத்தைக் காப்பாற்றினார்கள். இடிந்து விழும் மாளிகைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை.

அணிலைக் காப்பாற்றியவனால் மாலிக்கைக் காப்பாற்ற முடியவில்லை. மாலிக் தெருவில் வண்டி வைத்து, கொண்டைக் கடலையை அரைத்துப் பொரித்த வடை விற்பவர். நம் புது மண்டபத்துப் பக்கம் தள்ளுவண்டியில் வியாபாரம் செய்கிறவர்களைப் போன்ற ஒருவர். சூப்பர்மேன் அடிபட்டுத் தரையில் கிடந்தபோது கை கொடுத்துத் தூக்கியதைத் தவிர வேறு குற்றம் செய்யாதவர். அதற்காக அவரைப் பிடித்துப் போய், சூப்பர்மேனின் கண்ணெதிரே சுட்டுக் கொல்கிறான் லூதர். படம் அதற்குப் பிறகு அவருக்காக அதிக நேரம் நிற்கவில்லை. ஓட்டமும் இரைச்சலுமாக மேலே போய்விடுகிறது. கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது பக்கத்தில் வந்த சிறுவன் நாயைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். நாம் மாலிக்கின் வண்டி என்ன ஆயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தோம்.